மான்செஸ்டர் ராக்: கதையை 1976இல் தொடங்குவது சரியா?

நாலாம்தந்தி

மான்செஸ்டர் இசை வரலாறு என்று யார் பேச ஆரம்பித்தாலும் 1976 ஜூன் 4ஆம் தேதியில்தான் போய் நிற்கிறார்கள். லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவின் கச்சேரி, டிக்கெட் 50 பென்ஸ், வந்தது நாற்பது சொச்சம் பேர். வந்தவர்கள் ஆளுக்கொரு இசைக்குழு ஆரம்பித்தார்கள், ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் எல்லாம் அங்கிருந்து முளைத்தவை என்று கதை ஓடும்.

அந்த ராத்திரி பெரியதுதான், மறுக்கவில்லை. பின்னால் ஜாய் டிவிஷனில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக் மறுநாளே அம்மாவிடம் பணம் வாங்கிக்கொண்டு போய் பேஸ் கிட்டார் வாங்கியதை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் பிஸ்டல்ஸ் அந்த வருஷம் இங்கிலாந்தில் இன்னும் பல ஊர்களில் வாசித்தார்கள். அங்கெல்லாம் இருபது வருஷத்துக்கு நீளும் ஒரு வரலாறு ஏன் உருவாகவில்லை?

என் பதில், ஸ்டுடியோ. 60களில் மான்செஸ்டரில் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஹாலிஸ் இருந்தார்கள், ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் இருந்தார்கள். ஆனால் பாட்டைப் பதிய வேண்டும் என்றால் லண்டனுக்கு ரயில் ஏற வேண்டும். ஹாலிஸின் பெயர் சொல்லும் பாட்டுகள் அபே ரோட்டில் பதிந்தவை. 1968இல் மைண்ட்பெண்டர்ஸ் குழுவின் எரிக் ஸ்டீவர்ட், பக்கத்து ஊரான ஸ்டாக்போர்ட்டில் பீட்டர் டாட்டர்சால் நடத்திவந்த சின்ன ஸ்டுடியோவில் பணம் போட்டுச் சேர்ந்துகொண்டார். அதுதான் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. பின்னால் டென் சிசி என்ற குழு ஆன நாலு பேரும் அங்கேயே கிடந்து தொழில் கற்றார்கள். அவர்களுடைய ஹிட்டுகள் வந்தபோது கருவிகளும் உயர்ந்தன. 1979 ஏப்ரலில் ஜாய் டிவிஷன் முதல் ஆல்பத்தைப் பதியப் போனது அதே ஸ்ட்ராபெரிக்குத்தான்.

ஆக, தொடக்கம் 1968 என்பேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

குளிர்கால ரேடியோ

நண்பரே, ஸ்டுடியோ என்பது நான்கு சுவர். டென் சிசி வாசித்த பாப்புக்கும் ஜாய் டிவிஷனுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே அறையில் பதிந்ததால் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். பங்க் என்ற கரடுமுரடான ராக் வந்ததே அந்த மாதிரி வழவழப்பான பாட்டுகள் மீது வெறுப்பு வந்துதானே?

நாலாம்தந்தி

> டென் சிசி வாசித்த பாப்புக்கும் ஜாய் டிவிஷனுக்கும் என்ன சம்பந்தம்?

பாணியில் சம்பந்தம் இல்லை. ஒலிப்பதிவை ஒரு கருவியாகவே வாசிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. 1975இல் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். அதில் பின்னால் மேகம் போல வரும் குரல் சிந்தசைசர் கிடையாது. மூன்று பேர் நின்று ஒரே சுரத்தைப் பதினாறு தடவை பாடினார்கள். அப்போது ஒரு சுரத்துக்கு 48 குரல். இப்படிப் பதின்மூன்று சுரங்கள், மொத்தம் 624 குரல். அவற்றை டேப் சுற்றுகளாக வெட்டி ஒட்டி, முடிவில்லாமல் சுழலவிட்டு, மிக்சிங் மேசையின் ஃபேடர்களை ஏற்றி இறக்கியே கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, வாசித்தார்கள். நடுவில் கிசுகிசுப்பாக வரும் பெண் குரல் ஸ்டுடியோ வரவேற்பாளருடையது.

இவ்வளவும் நடந்தது லண்டனில் இல்லை, ஸ்டாக்போர்ட்டில். வடக்கே ஒரு ஸ்டுடியோவில் இதைச் செய்ய முடியும் என்று ஒரு தலைமுறை என்ஜினியர்கள் பார்த்துவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஜாய் டிவிஷனோடு அங்கே வந்தபோது அந்த அறிவு தயாராக இருந்தது.

மேகலா ட்ரம்ஸ்

ஹானெட் பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். நான் ட்ரம்ஸ் வாசிப்பவள். ஜாய் டிவிஷனின் அந்த முதல் ஆல்பமான 'அன்நோன் பிளஷர்ஸ்'இல் ஸ்டீபன் மோரிஸின் வாசிப்பைக் கேட்டால் எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசையும்.

சாதாரணமாக ட்ரம்ஸ் பதியும்போது எல்லா மைக்கும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கும். ஸ்னேர் மைக்கில் ஹை-ஹாட் ஒழுகும், டாம் மைக்கில் சிம்பல் ஒழுகும். அந்த ஒழுக்கில்தான் ஒரு ஆள் ஒரு அறையில் உட்கார்ந்து அடிக்கிறான் என்ற உணர்வே கிடைக்கிறது. ஹானெட்டுக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு ட்ரம்மையும் தனித்தனியாகப் பதியச் சொன்னார். வலது கை ஹை-ஹாட்டில், இடது கை ஸ்னேரில், கால் பெடலில் என்று உடம்பு முழுக்கச் சேர்ந்து கட்டும் தாளத்தைப் பிரித்து, இப்போது ஸ்னேர் மட்டும் அடி, அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்றால் கை தடுமாறும். உடம்புக்கு எங்கே சாய்வது என்றே தெரியாது. மோரிஸ் அதைத் தாக்குப்பிடித்து வாசித்திருக்கிறார்.

அப்புறம் ஹானெட் அந்த ஸ்னேரை டிஜிட்டல் டிலேக்குள், ஒலியைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தரும் கருவிக்குள், அனுப்பினார். ஏஎம்எஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் கருவி, அப்போது புத்தம் புதிது. அதனால்தான் ஒவ்வொரு அடியும் காலியான கட்டடத்தில் யாரோ கதவைச் சாத்துவது போல விழுகிறது. எதிரொலி நீளமாக இருக்காது, ஆனால் இடம் பெரிதாகத் தெரியும். 'இன்சைட்' பாட்டில் இயன் கர்ட்டிஸின் குரலை டெலிபோன் லைன் வழியாக வாங்கிப் பதிந்தார்கள். கடைசிப் பாட்டில் கண்ணாடி உடைகிறது.

குழுவுக்கு இது பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் அவர்கள் சத்தமும் ஆவேசமுமாக இருந்தார்கள், ஹானெட் அதை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார் என்று ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் ரொம்ப நாள் குறைப்பட்டார்கள். என் கட்சி ஹானெட் கட்சிதான். மேடைச் சத்தத்தை அப்படியே பதிந்திருந்தால் 1979இன் நல்ல பங்க் ஆல்பங்களில் ஒன்றாக அது நின்றிருக்கும், அவ்வளவுதான்.

நாலாம்தந்தி

மேகலா, அருமை. ஹூக்கின் பேஸ் ஏன் அவ்வளவு உயரத்தில் பாடுகிறது என்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. ஒத்திகையில் சம்னரின் கிட்டார் ஆம்ப் காதைப் பிளக்கும். ஹூக்கின் ஸ்பீக்கர் மட்டமானது. கீழ்த்தந்தியில் வாசித்தால் தான் வாசிப்பது தனக்கே கேட்காது. மேலே ஏறினார், கேட்டது. அங்கேயே தங்கிவிட்டார்.

ஒருரூபாய்ப் பாட்டு

ஸ்டுடியோ வாதம் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பஸ்காக்ஸ் குழுவின் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தட்டு.

பஸ்காக்ஸ் 1976 டிசம்பர் 28ஆம் தேதி மான்செஸ்டரில் இண்டிகோ என்ற ஸ்டுடியோவில் நாலு பாட்டு பதிந்தார்கள். தயாரிப்பாளர் யார்? இதே ஹானெட்தான், அப்போது மார்ட்டின் ஜீரோ என்ற பெயரில். குடும்பத்திலும் நண்பர்களிடத்திலும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் ஆயிரம் பிரதி அடித்தார்கள். எந்தக் கம்பெனியின் வாசலிலும் போய் நிற்கவில்லை. மெயின் ஆளான ஹோவர்ட் டிவோட்டோ தட்டு வந்த கையோடு குழுவைவிட்டு விலகிவிட்டார், அதற்கப்புறமும் விற்றுக்கொண்டே இருந்தது.

அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பக்கப் படம் மேனேஜர் ரிச்சர்ட் பூன் போலராய்டில் எடுத்தது, பிக்கடில்லியில் ராபர்ட் பீல் சிலையடியில் நால்வரும் நிற்கிறார்கள். பின்பக்கம் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், மேலே ஏதாவது சேர்த்துப் பதிந்தார்களா என்ற விவரம் அச்சடித்திருக்கிறது. எவ்வளவு எளிது பாருங்கள், நீங்களும் செய்யலாம் என்று அந்த அட்டையே சொல்கிறது. ஸ்ட்ராபெரி பத்து வருஷம் முன்னாலேயே இருந்தது, சரி. உள்ளே போகும் தைரியத்தை இந்த ஆயிரம் தட்டுகள்தான் கொடுத்தன.

குளிர்கால ரேடியோ

இது நியாயமான வாதம். பஸ்காக்ஸ்தான் அந்த ஜூன் கச்சேரியையே ஏற்பாடு செய்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவின் பீட் ஷெல்லியும் டிவோட்டோவும் பத்திரிகையில் விமர்சனம் படித்துவிட்டு பிப்ரவரியில் தெற்கே போய் பிஸ்டல்ஸைப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களைத் தங்கள் ஊருக்கே அழைத்துவந்தார்கள். ஆனால் ஜூன் 4 அன்று பஸ்காக்ஸ் வாசிக்கத் தயாராக இல்லை, ஜூலை 20 கச்சேரியில்தான் பிஸ்டல்ஸோடு மேடை ஏறினார்கள்.

இன்னொன்று, பின்னால் பஸ்காக்ஸில் சேர்ந்த ஸ்டீவ் டிகில் ஜூன் 4 அன்று வாசலில் வேறு யாருக்காகவோ காத்து நின்றார். புதுக் குழு ஆரம்பிக்க ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பிஸ்டல்ஸின் மேனேஜர் மால்கம் மெக்லாரன் ஆளைப் பிடித்து, நீ தேடுகிறவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டுபோய் ஷெல்லியிடம் விட்டார். ஷெல்லியும் அன்று ஒரு பேஸ்காரரை எதிர்பார்த்திருந்தார். பேசிப் பார்த்தால் இரண்டு பேரும் வேறு வேறு ஆள். இருந்தும் சேர்ந்துகொண்டார்கள், 80களில் குழு பிரிந்திருந்த காலம் தவிர, 2018இல் ஷெல்லி இறக்கும்வரை அந்தக் கூட்டு நீடித்தது.

இது தற்செயல். உங்கள் ஸ்டுடியோக் கணக்கில் இதற்கு இடம் இருக்கிறதா?

பழைய ஒலிநாடா

தேதிதான் சண்டை என்றால் நான் இன்னும் பின்னால் போவேன். அதே ஃப்ரீ ட்ரேட் ஹால், பெரிய அரங்கம், 1966 மே 17. பாப் டிலன் மின்கிட்டாரோடு நிற்கிறார், நாட்டுப்புறப் பாட்டைக் கைவிட்டுவிட்டார் என்ற கோபத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்துகிறார். அந்த ஒலிநாடா பல வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தப்பான பெயரில் திருட்டுத்தட்டாகச் சுற்றியது. 1998இல் முறைப்படி வெளிவந்தபோதுகூட அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் விட்டார்கள். மான்செஸ்டரில் நடந்தது லண்டன் கணக்கில் எழுதப்பட்டதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டாம்.

அந்தக் கட்டடம் நிற்கும் இடமே 1819 ஆகஸ்டில் பீட்டர்லூ படுகொலை நடந்த மைதானம். ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப் படையை ஏவிய இடம். இப்போது அது ஹோட்டல்.

மில்தெரு

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துத்தான் நம்மில் பாதிப் பேருக்கு அந்த ஊர்ப் பெயரே அறிமுகம். அந்தப் பஞ்சாலைகளுக்கு என்ன ஆனது என்று யாரும் இங்கே இன்னும் பேசவில்லை.

1960களிலும் 70களிலும் லங்காஷையர் மில்கள் வரிசையாக மூடப்பட்டன. ஊர் முழுக்கக் காலிக் கிடங்குகள். வாடகைக்கு வர ஆளில்லாத, செங்கல் சுவரும் உடைந்த ஜன்னலுமான பெரிய மாடிகள். இசைக்குழுக்கள் அங்கேதான் புகுந்தன. லிட்டில் பீட்டர் தெருவில் டி.ஜே. டேவிட்சன் ஒத்திகைக் கூடம் அப்படி ஒரு பழைய கட்டடம். 1980 ஏப்ரல் 28ஆம் தேதி ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ வீடியோவை அங்கேதான் எடுத்தார்கள். மே 18 அன்று இயன் கர்ட்டிஸ் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 23. வீடியோவில் இருக்கும் அந்தக் குளிரும் இருட்டும் யாரும் செட் போட்டுக் கொண்டுவந்ததில்லை.

வேலை போன ஊரில் இடம் மலிவு. லண்டனில் அந்தச் சதுர அடிக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே நாள் கணக்கில் சத்தம் போடலாம், பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டவும் மாட்டார்கள்.

மேகலா ட்ரம்ஸ்

மில்தெரு அண்ணா சொன்னதோடு மான்செஸ்டரின் ஹ்யூம் பகுதியையும் சேர்க்க வேண்டும். 1978 மே மாதம் ஃபேக்டரி என்ற பெயர் முதலில் வந்தது ஜாய் டிவிஷன் ஆல்பங்களை வெளியிட்ட லேபிளுக்கு இல்லை, ஹ்யூமில் ரஸ்ஸல் கிளப்பில் நடத்திய இசை இரவுகளுக்கு. அந்த கிளப் பஸ் தொழிலாளர்களின் கிளப், அங்கே வந்தவர்களில் நிறையப் பேர் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள். ரெகே ஒலித்த ஸ்பீக்கர்களில்தான் அந்தக் குழுக்களும் வாசித்தன. வெறும் வெள்ளைப் பையன்களின் கதையாக இதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. அதே வருஷம் ஜூலை 15 மாஸ் சைடில் அலெக்ஸாண்ட்ரா பூங்காவில் இனவெறிக்கு எதிரான பெரிய கூட்டம், பஸ்காக்ஸும் ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடை.

பெண்களைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. பஸ்காக்ஸின் ‘ஆர்காஸம் அடிக்ட்’ உறையில் இருக்கும் கொலாஜ், அந்த இஸ்திரிப் பெட்டித் தலை, லிண்டர் செய்தது. அவரே லூடஸ் என்ற குழுவில் பாடினார். ‘சிட்டி ஃபன்’ என்ற கையடிப் பத்திரிகையில் லிஸ் நேய்லரும் கேத் கேரலும் எழுதியதை வாசித்தால் ஃபேக்டரி ஆட்களையே அவர்கள் விட்டுவைக்கவில்லை என்று தெரியும். கர்ட்டிஸ் இறந்த பிறகு மற்ற மூவரும் தொடர்ந்த நியூ ஆர்டரில் கில்லியன் கில்பர்ட் 1980இல் சேர்ந்த பிறகுதான் அந்தக் குழு ஜாய் டிவிஷனின் நிழலிலிருந்து நகர்ந்தது என்பது என் துணிபு.

ஒருரூபாய்ப் பாட்டு

லூடஸ் பற்றித் தனி இழை போடுங்கள், நிச்சயம் வருகிறேன்.

ரயில்பாலம்

நான் மூன்று வருஷம் சால்ஃபர்டில் படித்தேன். ஃபேக்டரியும் நியூ ஆர்டரும் நடத்திய ஹசியெண்டா கிளப் பற்றி ஒரு கேள்வி, ரொம்ப நாளாக மனதில் இருப்பது. நியூ ஆர்டர் சம்பாதித்த பணத்தை எல்லாம் அந்த கிளப்பில் கொட்டியது தப்பா சரியா?

நாலாம்தந்தி

தப்பு. கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

1982 மே 21 அன்று திறந்தார்கள். படகு விற்ற பழைய ஷோரூம். பென் கெல்லி வடிவமைப்பு கண்ணைப் பறிக்கும், சந்தேகமில்லை. ஆட்டக்களத்தின் நடுவிலேயே இரும்புத் தூண்கள், அவற்றில் யாரும் போய் மோதாமல் இருக்க மஞ்சள் கறுப்புப் பட்டை. தொழிற்சாலையில் அபாயத்தைக் காட்டும் அதே பட்டை. பார்க்க அழகு. கேட்க? ஒலி எங்கும் சிதறும். முதல் சில வருஷம் பல ராத்திரிகள் ஆளே இல்லாமல் ஓடியது. மைக் பிக்கரிங் போன்றவர்கள் சிகாகோ ஹவுஸ் இசையைப் போட ஆரம்பித்த பிறகு கூட்டம் நெரிந்தது, ஆனால் வந்த கூட்டம் எக்ஸ்டஸி போதை மாத்திரை போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு ஆடியது. மது விற்பனையை நம்பி நடக்கும் ஒரு கிளப்பில் வாசல் நிரம்பியும் கல்லா காலி. அப்புறம் போதைக் கும்பல்கள், துப்பாக்கிகள். 1991 ஜனவரியில் தாங்களாகவே மூடி, மே மாதம் திறந்தார்கள். 1997இல் ஒரேயடியாக மூடினார்கள்.

நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ உலகம் முழுக்க விற்றது. அதன் முதல் உறை, ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி துளை வெட்டி அச்சடித்தது, ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நஷ்டம் என்று ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். உறையில் போனது சில்லறை. உண்மையான ஓட்டை கிளப். அந்தப் பணத்தில் இன்னொரு ஸ்ட்ராபெரி கட்டியிருக்கலாம், நாலு ஒத்திகைக் கூடங்களைக் காலத்துக்கும் காப்பாற்றியிருக்கலாம். ஸ்ட்ராபெரியே 1993இல் மூடப்பட்டது.

குளிர்கால ரேடியோ

இதில் நான் எதிர்க்கட்சி. ஹசியெண்டா இல்லாவிட்டால் ஹாப்பி மண்டேஸ் இல்லை, 1989 இல்லை. கிட்டார் வைத்திருந்த பையன்கள் ஆட்டக்களத்தில் நின்று தாளம் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்த நவம்பர் 23 அன்று ஸ்டோன் ரோஸஸும் ஹாப்பி மண்டேஸும் ஒரே ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ டிவி நிகழ்ச்சியில் வந்தார்கள். ஸ்டோன் ரோஸஸின் ரெனி வாசிக்கும் ட்ரம்ஸைக் கேளுங்கள், அது ராக் ட்ரம்ஸா? உடம்பு ஆட வேண்டும் என்று எழுதிய தாளம். அந்த ஊரின் ராக் ஆடக் கற்றதற்கு யாரோ விலை கொடுக்க வேண்டியிருந்தது, நியூ ஆர்டர் கொடுத்தார்கள்.

மில்தெரு

ஃபேக்டரி லேபிள் செத்ததற்கு கிளப் மட்டும் காரணம் இல்லை. 1990இல் சார்ல்ஸ் தெருவில் பெரிய அலுவலகக் கட்டடம், சொத்து விலை விழுந்த நேரம். ஹாப்பி மண்டேஸை ஆல்பம் பதிய பார்படோஸ் அனுப்பினார்கள். நியூ ஆர்டர் ஆல்பம் இழுத்துக்கொண்டே போனது. 1992 நவம்பரில் திவால். லண்டன் ரெக்கார்ட்ஸ் வாங்க வந்து காகிதத்தைப் புரட்டினால், இசைக்கு உரிமையாளர் ஃபேக்டரி கிடையாது, கலைஞர்கள்தான். ஃபேக்டரியை நடத்திய டோனி வில்சன் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்தது அப்படி. வியாபாரம் அதோடு முடிந்தது.

இதை முட்டாள்தனம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. நான் அப்படிப் பார்க்கவில்லை. கலைஞனின் உழைப்பு கலைஞனிடமே இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்த ஒரு கம்பெனி, மூழ்கும்போதும் அந்த வார்த்தையை மீறவில்லை. நியூ ஆர்டரின் பாட்டுகள் நியூ ஆர்டரிடமே இருந்தன.

ரயில்பாலம்

அப்படியானால் ஸ்மித்ஸ்? அவர்கள் லண்டன் லேபிளான ரஃப் ட்ரேடில் சேர்ந்தார்கள். ஓயாசிஸை ஆலன் மெக்கீ கண்டுபிடித்தது கிளாஸ்கோவில், அதுவும் லண்டன் லேபிள். ஊர் லேபிள் இல்லாமலும் நடந்திருக்கிறதே?

நாலாம்தந்தி

லேபிள் வெளியூராக இருக்கலாம், முதல் அடி உள்ளூரில்தான் விழுந்தது. ஸ்மித்ஸின் முதல் மேடை 1982 அக்டோபர் 4, ரிட்ஸ். முதல் சிங்கிள் ‘ஹேண்ட் இன் க்ளவ்’ பதிந்தது எங்கே தெரியுமா? ஸ்ட்ராபெரி. மேனேஜர் ஜோ மாஸ் பணம் கொடுத்தார், பதிந்த டேப்பை எடுத்துக்கொண்டுதான் ரஃப் ட்ரேடுக்கே போனார்கள். ஓயாசிஸின் நோயல் கலகர் இன்ஸ்பைரல் கார்பெட்ஸ் குழுவுக்கு சாமான் தூக்கி, கருவி சரிபார்த்து, ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்றார். ஓயாசிஸ் ஒத்திகை பார்த்தது போர்ட்வாக் கிளப்பின் அடித்தளத்தில். கிளாஸ்கோவில் மெக்கீ பார்த்தது ஏற்கெனவே தயாராகி வந்த குழுவை.

குளிர்கால ரேடியோ, டிகில் விஷயத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தற்செயல் எல்லா ஊரிலும் நடக்கும். நடந்த பிறகு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உள்ளூரில் ஒரு அறை இருந்ததா என்பதுதான் கேள்வி.

குளிர்கால ரேடியோ

அப்படிச் சொன்னால் ஒத்துப்போக முடியும். 1968ஐ மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுக்காது

முழுவதும் வாசித்தேன். இந்த ஊர்ப் பாட்டுகளில் ஓயாசிஸ் தவிர வேறு கேட்டதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேகலா ட்ரம்ஸ்

காலவரிசை பார்க்காதீர்கள். முதலில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’, நாலே பாட்டு, பத்து நிமிஷம். அடுத்து ‘அன்நோன் பிளஷர்ஸ்’, ஹெட்ஃபோனில். அதே ஹானெட் இரண்டரை வருஷத்தில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று உடனே தெரியும். அப்புறம் ‘ப்ளூ மண்டே’, கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் நல்லது. ஸ்மித்ஸுக்கு ‘தி குயின் இஸ் டெட்’. ஸ்டோன் ரோஸஸ் முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டை எட்டு நிமிஷமும் கேளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள், ரெனி அங்கேதான் அவிழ்த்துவிடுகிறார். தி ஃபால் குழுவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பங்கள் ஏராளம், எதில் நுழைவது என்று தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.

ஒருரூபாய்ப் பாட்டு

ஃபாலுக்கு நான் எழுதுகிறேன். 1982இல் வந்த ‘ஹெக்ஸ் எண்டக்ஷன் ஹவர்’ எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு ட்ரம்மர்கள் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். மேகலா, அதைப் பற்றி நீங்கள் எழுதினால் வாசிக்க நான் தயார்.